டி. ஆர். மகாலிங்கம்: கடைசி வரை சொந்தக் குரலில் பாடி நடித்தவர்

டி. ஆர். மகாலிங்கம் (1924–1978) தமிழ்த் திரைப்பட நடிகர், பாடகர், நாடகக் கலைஞர், படத் தயாரிப்பாளர். நந்தகுமார், ஸ்ரீவள்ளி, நாம் இருவர், ஞானசௌந்தரி, மாலையிட்ட மங்கை, திருவிளையாடல் ஆகிய படங்களால் அறியப்படுகிறார். எம். கே. தியாகராஜ பாகவதர், பி. யு. சின்னப்பா ஆகியோருக்கு அடுத்து வந்த பாடும் நடிகர்களின் வரிசையில் முதன்மையானவர். அந்த வரிசை முடிந்துபோன பிறகும் பல ஆண்டுகள் திரையில் தன் குரலிலேயே பாடி நடித்தவர்.

புல்லாங்குழல் மேதை 'மாலி'யின் முழுப்பெயரும் டி. ஆர். மகாலிங்கம்தான். அவர் திருவிடைமருதூர்க்காரர். நம் கட்டுரைக்கு உரியவர் தென்கரைக்காரர். 'டி' என்ற முதலெழுத்து இருவருக்கும் ஊர்ப்பெயர்தான், ஊர்தான் வேறு. நகைச்சுவை நாயகர் டி. ஆர். ராமச்சந்திரன் என்று இன்னொருவரும் அதே காலத்தில் ஏவி.எம். படங்களில் நடித்தார். பழைய படங்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதும் மாணவர்கள் இந்த மூவரையும் குழப்பிக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊரும் மேடையும்

மதுரைக்கு மேற்கே வைகையின் வடகரையில் சோழவந்தான் இருக்கிறது. வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பேர்போன ஊர். ஆற்றைக் கடந்தால் தென்கரை. மூலநாதர் கோயில் உள்ள சிற்றூர். அங்கே 1924ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் மகாலிங்கம் பிறந்தார்.

அவர் பிறந்த காலத்து மதுரையைத் தமிழ் நாடகத்தின் தலைநகரம் என்றே சொல்லலாம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் சிறுவர்களை மட்டும் நடிகர்களாகக் கொண்டு 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வைத் தொடங்கியது அங்கேதான். சுவாமிகள் 1922இல் மறைந்தார். ஆனால் அவர் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற நாடகங்கள் ஊர் ஊராக நடந்துகொண்டே இருந்தன. பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்கள் பல முளைத்தன. நல்ல குரல் உள்ள பையன் ஒருவன் வீட்டில் இருந்தால் நாடகக் கம்பெனிக்காரர்கள் தேடி வந்து கேட்கும் காலம் அது.

அந்த நாடகங்களில் வசனத்தைவிடப் பாட்டு அதிகம். ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையில் தரை டிக்கெட்டின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டின் சொல் விளங்க வேண்டும். அதற்காக நடிகர்கள் நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று ஆர்மோனியத்தின் மேல்கட்டைகளில் சுருதி வைத்துப் பாடினார்கள். சாதாரணமாக ஆண்கள் பாடும் சுருதி இதைவிட நன்றாகவே இறங்கி இருக்கும். இந்த உச்சக் குரலுக்கு இலக்கணமாக இருந்தவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. அவர் 1933 டிசம்பரில் 27 வயதில் மறைந்தபோது மகாலிங்கத்துக்கு ஒன்பது வயது. கிட்டப்பாவின் குரலோ இசைத்தட்டுகளில் ஊரெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தப் பாணியை மகாலிங்கம் தனதாக்கிக்கொண்டார். அவரைக் கிட்டப்பாவின் வாரிசு என்று ரசிகர்கள் பேசும் நிலை பின்னால் வந்தது.

பாய்ஸ் கம்பெனி நடிகர்களுக்கு ஒரு பெரிய பயம் உண்டு. அதன் பெயர் மகரக்கட்டு. பதின்ம வயதில் பையன்களின் குரல் உடைவதை அப்படிச் சொல்வார்கள். நேற்று வரை கதாநாயகனாகப் பாடிய பையன், குரல் உடைந்ததும் சின்ன வேடத்துக்கு இறக்கப்படுவான், அல்லது வீட்டுக்கு அனுப்பப்படுவான். பலர் அத்தோடு காணாமல் போனார்கள். அந்தக் கண்டத்தைத் தாண்டியும் உச்சக் குரல் போகாமல் நின்ற சிலரில் மகாலிங்கம் ஒருவர். அவருடைய திரைவாழ்க்கை முழுவதும் இந்த ஒன்றின் மேல்தான் நின்றது.

நந்தகுமார்

தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931இல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த படங்கள் பெரும்பாலும் படம்பிடிக்கப்பட்ட நாடகங்களே. பாகவதரின் முதல் படமான பவளக்கொடியில் (1934) பாட்டுகளின் எண்ணிக்கை ஐம்பது அளவில் இருந்தது. இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அப்போது படமும் ஒலியும் ஒரே நேரத்தில் பதிவாயின. நடிகர் கேமராவுக்கு முன்னால் நடித்துக்கொண்டே பாட வேண்டும். ஆர்மோனியமும் தபலாவும் படச்சட்டத்தில் விழாதபடி மறைவாக இருந்துகொண்டு வாசிக்க வேண்டும். பாடத் தெரியாதவர் கதாநாயகராகவோ கதாநாயகியாகவோ ஆக வழியே இல்லை. முக அழகும் நடிப்பும் அதற்குப் பிறகுதான்.

நாடக மேடையில் பாடிக்கொண்டிருந்த சிறுவன் மகாலிங்கத்தை ஏ. வி. மெய்யப்பன் தன் 'நந்தகுமார்' (1938) படத்தில் கிருஷ்ணனாக நடிக்க வைத்தார். மெய்யப்பன் அப்போது பிரகதி என்ற பெயரில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். காளிதாஸ் நாயகி டி. பி. ராஜலட்சுமி இதில் யசோதை. படத்தில் தேவகியாக நடித்த பெண்ணின் பாட்டு மெய்யப்பனுக்கு நிறைவு தரவில்லை. லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகியைப் பாடவைத்து, நடித்தவரை வாய் மட்டும் அசைக்கச் செய்தார்கள். தமிழ்த் திரையில் பின்னணிப் பாடலின் தொடக்கம் என்று திரை வரலாற்றாளர்கள் பொதுவாகக் குறிப்பிடுவது இதைத்தான்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பாடும் நடிகர்களின் இடத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்ளப் போகும் முறை, தமிழின் கடைசிப் பெரிய பாடும் நடிகர்களில் ஒருவருடைய முதல் படத்திலேயே பிறந்திருக்கிறது. அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தேவகியின் குரல் கொஞ்சம் சரியில்லை, அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்தோம் என்ற அளவில்தான் அது நடந்தது.

அடுத்து மகாலிங்கம் 'பிரகலாதா' (1939) படத்தில் பிரகலாதனாக வந்தார். அந்தப் படத்தில் இந்திரனாகச் சிறு வேடத்தில் நடித்தவர் எம். ஜி. ராமச்சந்திரன். அதன் பிறகு சில ஆண்டுகள் பெரிய படம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஸ்ரீவள்ளியும் ஒரு குரல் மாற்றமும்

1945இல் வந்த 'ஸ்ரீவள்ளி' அவரை ஒரே நாளில் நட்சத்திரமாக்கியது என்று சொன்னால் அது மிகையாகாது. மெய்யப்பனே இயக்கிய படம். மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மணி வள்ளி. (இந்த ருக்மணி பிற்கால நடிகை லட்சுமியின் தாயார்.) கதை புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் இல்லை. அதில் வேடன் உருவில் முருகன் மானைத் தேடி வரும்போது கிட்டப்பா மேடையில் பாடிப் பாடிப் புகழ்பெற்ற பாட்டு 'காயாத கானகத்தே'. கிட்டப்பாவின் நினைவு மறையாத ஒரு ரசிகர் கூட்டத்தின் முன்னால் அதே பாட்டை இருபது வயது இளைஞர் பாடுவது சாதாரணத் துணிச்சல் அல்ல. மகாலிங்கம் பாடினார். மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். இன்று அந்தப் பாட்டின் பெயரைச் சொன்னால் பெரும்பாலோருக்குக் காதில் கேட்பது மகாலிங்கத்தின் குரல்தான்.

இதே படத்தின் மறுபக்கம் ருக்மணியுடையது. அவரும் தன் குரலில் பாடித்தான் நடித்தார். ஆனால் மகாலிங்கத்தின் குரலுக்குப் பக்கத்தில் அது எடுபடவில்லை என்று மெய்யப்பன் நினைத்தார். எடுத்த காட்சிகளைத் திரும்ப எடுக்காமல், பி. ஏ. பெரியநாயகியைக் கொண்டு வந்து, ருக்மணியின் உதட்டசைவுக்கு ஏற்றபடி பாடவைத்து ஒலியை மட்டும் மாற்றினார். வழக்கமான பின்னணிப் பாடலைவிட இது கடினமான வேலை. பின்னணிப் பாடலில் முதலில் பாட்டு பதிவாகும், நடிகர் அதற்கு வாயசைப்பார். இங்கே வாயசைப்பு முன்பே முடிந்துவிட்டது. பாடகிதான் அதன் நீளத்துக்கும் மூச்சுக்கும் அடங்கிப் பாட வேண்டும்.

பெரியநாயகியின் திறமையைப் பாராட்டும்போது ருக்மணிக்கு நேர்ந்ததையும் மறக்கக் கூடாது என்பது என் கருத்து. தானே பாடி நடித்த வேடத்தில், தன் வாயிலிருந்து வேறொருவர் குரல் வருவதை அவர் திரையில் காண நேர்ந்தது. ஒருவருடைய குரல் பிடிக்காவிட்டால் முகத்தை வைத்துக்கொண்டு குரலை மட்டும் கழற்றிவிடலாம் என்பதைத் தயாரிப்பாளர்கள் இந்தப் படத்தில் கண்டுகொண்டார்கள். கதாநாயகிக்குச் செய்ததைக் கதாநாயகனுக்கும் செய்ய அதிக காலம் ஆகவில்லை.

நாம் இருவர்

போர்க்காலத்தில் சென்னையில் மின்வசதி கிடைக்காததால் மெய்யப்பன் தன் படப்பிடிப்பு நிலையத்தைக் காரைக்குடிக்குக் கொண்டு போனார். அங்கே எடுத்த படம் 'நாம் இருவர்'. ப. நீலகண்டனின் நாடகத்தைத் தழுவியது. 1947 ஜனவரியில், விடுதலைக்கு ஏழு மாதங்களுக்கு முன்னால் வெளியானது. பாரதியார் பாடல்களின் உரிமையை மெய்யப்பன் வாங்கி வைத்திருந்ததால் படம் முழுவதும் பாரதி மணம் வீசியது. பேபி கமலா ஆட, டி. கே. பட்டம்மாள் பாடினார். கர்நாடக சங்கீத மேடையின் பெரிய வித்வாம்சினி ஒருவர், சிறுமி ஒருத்தியின் நடனத்துக்குத் திரைக்குப் பின்னால் நின்று பாடியதை மக்கள் கொண்டாடினார்கள். பின்னணிக் குரல் என்பது குறையை மறைக்கும் ஒட்டு வேலை என்ற நிலை போய், அதுவே ஒரு கவர்ச்சி என்ற நிலை வந்தது.

நந்தகுமார், ஸ்ரீவள்ளி, நாம் இருவர் ஆகிய மூன்றும் ஒரே தயாரிப்பாளரின் படங்கள். பின்னணிப் பாடல் வளர்ந்த மூன்று படிகள் என்றும் இவற்றைச் சொல்லலாம். மூன்றிலும் சொந்தக் குரலில் பாடிக்கொண்டு முன்னால் நின்றவர் மகாலிங்கம். மாற்றம் அவரைச் சுற்றி நடந்தது. அவருக்கு அதன் தேவை இல்லாததால் அவரை அது தொடவில்லை.

அடுத்த மூன்று நான்கு ஆண்டுகள் அவருக்குப் பொற்காலம். வேதாள உலகம் (1948), அஞ்சலிதேவியுடன் மாடர்ன் தியேட்டர்ஸின் ஆதித்தன் கனவு (1948), மாயாவதி (1949), டி. ஆர். ராஜகுமாரியுடன் பவளக்கொடி (1949), இதய கீதம் (1950) என்று படங்கள் வரிசையாக வந்தன. இவற்றில் எம். வி. ராஜம்மாவுடன் நடித்த 'ஞானசௌந்தரி' (1948) தனியாகக் குறிப்பிட வேண்டியது. சிட்டாடல் நிறுவனம் எடுத்த இந்தப் படம் வந்த அதே நேரத்தில் ஜெமினி எஸ். எஸ். வாசனும் அதே கதையை அதே பெயரில் எடுத்து வெளியிட்டார். சிட்டாடல் படத்துக்கு முன் தன் படம் நிற்காது என்று கண்டு வாசன் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வாசனைப் போன்ற ஒருவரைப் பின்வாங்க வைத்த படம் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

சுகுமார் புரொடக்ஷன்ஸ்

புகழ் உச்சத்தில் இருந்த நடிகர்கள் செய்யும் காரியத்தை மகாலிங்கமும் செய்தார். தன் மகன் சுகுமாரின் பெயரில் சொந்தப் படக் கம்பெனி தொடங்கினார். மச்சரேகை (1950), ஜே. ஆர். ரங்கராஜுவின் நாவலைத் தழுவிய மோகனசுந்தரம் (1951), தானே இயக்கிய சின்னத்துரை (1952) ஆகியவை அந்தக் கம்பெனியின் படங்கள். மூன்றிலும் கதாநாயகி எஸ். வரலட்சுமி. அவரும் பாடும் நடிகை. தன் பாட்டைத் தானே பாடக்கூடியவர். பின்னணிக் குரல் எளிதாகக் கிடைத்த அந்த ஆண்டுகளில், கதாநாயகனும் கதாநாயகியும் இருவருமே தங்கள் குரலில் பாடும் படங்களைத் தொடர்ந்து எடுத்திருக்கிறார். இதைக் கொள்கை என்று அவர் நினைத்தாரோ என்னவோ, அவருடைய நம்பிக்கை எதில் இருந்தது என்பது இதில் தெரிகிறது.

நம்பிக்கை பணமாகவில்லை. சொந்தப் படங்களில் போட்ட பணம் திரும்பாமல் அவர் கடனில் விழுந்தார். சம்பாதித்தது போனது. வெளிப்பட வாய்ப்புகளும் குறைந்தன.

பின்னணிப் பாடகர்கள் வந்ததால் மகாலிங்கம் போன்றவர்கள் ஒழிந்தார்கள் என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். நானும் வகுப்பில் சில ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். படங்களின் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்த பிறகு அது பாதி உண்மை என்று தோன்றியது. ஏனென்றால் பின்னணிப் பாடல் 1938இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பாகவதரின் ஹரிதாஸ் ஓடியது, மகாலிங்கத்தின் ஸ்ரீவள்ளி ஓடியது. 1950ஐ ஒட்டி மாறியது மக்கள் படத்தில் எதைத் தேடினார்கள் என்பது. வேலைக்காரி 1949இல் வந்தது, மந்திரிகுமாரி 1950இல், பராசக்தி 1952இல். அண்ணாவும் கருணாநிதியும் எழுதிய வசனத்தைக் கேட்கக் கூட்டம் கூடியது. நீளமான வசனத்தை மூச்சு விடாமல் ஏற்ற இறக்கத்தோடு பேசத் தெரிந்தவரே கதாநாயகன் என்றானது. பராசக்தியில் கணேசன் பேசினார். அவருக்காகப் பாடியவர் சி. எஸ். ஜெயராமன். யாரும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. மகாலிங்கத்தை வளர்த்த அதே ஏவி.எம். படப்பிடிப்பு நிலையத்தில்தான் அந்தப் படம் உருவானது. மகாலிங்கம் சின்னத்துரையை இயக்கி நடித்ததும் அதே 1952இல்தான்.

பேச்சுக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர் என்ற வேலைப் பிரிவினைக்கு வழிவிட்டது தொழில்நுட்பம். அதைத் தேவையாக்கியது வசனம். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சின்னப்பா 1951இல் இறந்தார். சிறையிலிருந்து மீண்ட பாகவதருக்குப் பழைய வெற்றி திரும்பக் கிடைக்கவே இல்லை. முப்பது வயதைக்கூட எட்டாத மகாலிங்கம் பழைய தலைமுறைக்காரர் ஆகிவிட்டார்.

அவருக்கு ஒரு போக்கிடம் இருந்தது. நாடக மேடை. தென்மாவட்டங்களில் கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களில் வள்ளி திருமண வேலன் வேடத்துக்கு எப்போதும் தேவை இருந்தது. அங்கே இரவல் குரல் செல்லாது. விடிய விடிய நேரில் பாடியாக வேண்டும்.

மாலையிட்ட மங்கை

கவிஞர் கண்ணதாசன் 1958இல் சொந்தமாகப் படம் எடுக்க முனைந்தபோது கதாநாயகனாக மகாலிங்கத்தைத் தேர்ந்தெடுத்தார். அன்றைய நிலவரத்தில் இது வியாபாரக் கணக்குக்கு ஒத்துவராத தேர்வு. படம் 'மாலையிட்ட மங்கை'. இயக்கம் ஜி. ஆர். நாதன், இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. மனோரமா திரைக்கு வந்த முதல் படமும் இதுவே.

அதில் வரும் 'செந்தமிழ்த் தேன்மொழியாள்' மகாலிங்கத்தை மீண்டும் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. அந்தப் பாட்டின் அமைப்பைக் கவனித்துக் கேட்க வேண்டும். எடுத்த எடுப்பில் தாளமில்லாத தொகையறா. அங்கே அவர் நாடகக்காரர், விருத்தம் பாடுவதுபோலக் குரலை மேலே ஏற்றி நிறுத்துகிறார். பிறகு தாளம் சேர்ந்ததும் பாட்டு மெல்லிசையாகிறது. முன்பகுதி கிட்டப்பாவின் மேடை, பின்பகுதி விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் புதிய காலம். இரண்டும் ஒரே தொண்டையில். இசையமைப்பாளர்கள் அவருடைய குரலைத் தங்கள் காலத்துக்குக் குறுக்காமல், அதன் பலம் தெரிவதற்கு வாசலில் ஓர் இடம் ஒதுக்கிவிட்டு உள்ளே அழைத்துப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு இது முப்பதுகளில் வந்த குரல் என்பதும் தெரிந்திருந்தது, அதை வீணாக்கக் கூடாது என்பதும் தெரிந்திருந்தது.

தொடர்ந்து அமுதவல்லி (1959), பி. பானுமதியுடன் மணிமேகலை (1959), அஞ்சலிதேவியுடன் ஆட வந்த தெய்வம் (1960) முதலிய படங்கள் வந்தன. பி. சுசீலாவுடன் பாடிய டூயட்டுகள் வானொலியில் நிலைத்தன. இந்தப் பாட்டுகளில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண் குரலுக்கு உரியவர் திரையில் தெரிவார், பெண் குரலுக்கு உரியவர் தெரியமாட்டார். கண்ணதாசன் மறுபடியும் மகாலிங்கத்தை வைத்து எடுத்த 'கவலை இல்லாத மனிதன்' (1960) கவிஞருக்குத் தீராத கவலையைக் கொடுத்த படம். சொந்தப் படத்தில் கை சுட்டுக்கொண்ட நடிகரைக் கைதூக்கிவிட்ட கவிஞர், தானும் சொந்தப் படத்திலேயே கை சுட்டுக்கொண்டார்.

பாணபத்திரர்

என் சிறுவயதில் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் 'திருவிளையாடல்' (1965) பலமுறை திரும்பத் திரும்ப வந்தது. சிவராத்திரிக்குக் கட்டாயம் உண்டு. மணலில் உட்கார்ந்து பார்த்தபோது, பாணபத்திரராக வரும் மெலிந்த குரல்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. பின்னாளில் ஆசிரியராகி, திருவிளையாடற் புராணத்தின் விறகு விற்ற படலத்தை நடத்தும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பற்றியும் சொல்வேன்.

கதை தெரிந்ததுதான். வடக்கிலிருந்து ஏமநாதன் என்ற பெரும் பாடகன் மதுரைக்கு வந்து, தன்னோடு பாட ஆள் உண்டா என்று பாண்டியன் சபையில் சவால் விடுகிறான். பாணபத்திரரைப் பாடச் சொல்லி மன்னன் ஆணையிடுகிறான். தன்னால் முடியாது என்று அஞ்சிய பாணபத்திரர் சொக்கநாதரிடம் முறையிடுகிறார். இறைவன் விறகு விற்பவராக வந்து ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையில் பாடுகிறார். அதைக் கேட்ட ஏமநாதன் இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடிவிடுகிறான்.

ஏ. பி. நாகராஜன் இதைப் படமாக்கியபோது ஏமநாத பாகவதராக டி. எஸ். பாலையா நடித்தார். அவருக்குக் குரல் கொடுத்தவர் பாலமுரளிகிருஷ்ணா. விறகு விற்கும் சிவபெருமானாக சிவாஜி கணேசன். அவருக்குக் குரல் டி. எம். சௌந்தரராஜன். பாணபத்திரராக டி. ஆர். மகாலிங்கம். அவருக்குக் குரல் டி. ஆர். மகாலிங்கமேதான். யார் பெரிய பாடகர் என்பதே கதையாக உள்ள பகுதியில், கேமராவுக்கு முன்னால் நிற்கும் மூவரில் உண்மையில் பாடத் தெரிந்த பெரிய பாடகர், 'என்னால் பாட முடியாது' என்று அழும் வேடத்தில் இருக்கிறார். பாலையாவும் சிவாஜியும் வாயசைப்பிலேயே அற்புதம் செய்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோயிலில் நின்று சிவனிடம் முறையிடும் பாட்டில் மகாலிங்கத்தின் கழுத்து நரம்பும் குரலும் ஒன்றாக எழும்புவதைப் பாருங்கள். வேறு யாராலும் அப்படி வாயசைக்க முடியாது.

ஒரு வகுப்பில் இந்தக் காட்சியைப் பற்றிப் பேசியபோது மாணவி ஒருத்தி, "அப்போ சார், அவர் பயப்படுற மாதிரி நடிச்சாரா, நெஜமாவே பயந்தாரா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் கேள்வி சரியான கேள்வியாகவே பட்டது. ஒரு காலத்தில் ஏவி.எம்.முக்கே நாயகனாக இருந்து, கடன்பட்டு, மீண்டு, நாற்பத்தொரு வயதில் பிறர் படத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் வந்திருக்கும் மனிதர் அவர். புதுக் குரல்களுக்கு எதிரே தன் குரல் நிற்குமா என்ற கேள்வி பாணபத்திரருக்கு மட்டும் உரியதல்ல.

அதே படத்தில் சொந்தக் குரலில் பாடி நடித்த இன்னொருவர் ஔவையாராக வந்த கே. பி. சுந்தராம்பாள். கிட்டப்பாவின் மனைவி. கிட்டப்பாவோடு மேடையில் பாடியவரும் கிட்டப்பாவைப் பின்பற்றிப் பாடியவரும், அவர் மறைந்து முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரே படத்தில் இரண்டு வேறு பகுதிகளில் இருக்கிறார்கள்.

பிற்காலம்

அதற்குப் பிறகு அவருக்குப் பக்திப் படங்களும் சரித்திரப் படங்களும் கிடைத்தன. திருநீலகண்டர் (1972), அகத்தியர் (1972) ஆகியவை அவற்றில் சில. அகத்தியரில் சீர்காழி கோவிந்தராஜனும் இவரும் இணைந்து பாடியதை இரண்டு உச்சக் குரல்கள் ஒன்றையொன்று மதித்துப் பாடியதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ராஜராஜ சோழனிலும் (1973) நடித்தார். அவருடைய சொந்தப் படங்களின் நாயகி எஸ். வரலட்சுமியும் அதில் உண்டு.

மகாலிங்கம் 1978ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 53.

மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் வள்ளி திருமணம் இன்றும் நடக்கிறது. இப்போது நடிகர்களுக்கு ஒலிவாங்கி உண்டு. ஐந்து கட்டையில் பாட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் மானைத் தேடி வேலன் மேடைக்கு வரும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் போர்வையை விலக்கி நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தப் பாட்டை அவர் எந்தச் சுருதியில் எடுக்கப் போகிறார் என்று பார்ப்பதற்காக.